கணவர் அல்லது மனைவி வழியாகப் பிரிட்டிஷ் குடியுரிமை: மதுரையில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

நான் திருமங்கலம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கணவர் பிரிட்டிஷ் குடிமகன், யாழ்ப்பாணத்து வழிவந்த தமிழர். கல்யாணமாகி லண்டன் போய், அங்கேயே தங்கி, கடைசியில் குடியுரிமையும் வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு சித்தி மகள், கூடப் படித்தவர்கள், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேருக்குக் கூட இருந்து விண்ணப்பம் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் தடுமாறிய இடங்கள் அநேகமாக ஒன்றேதான். லண்டனில் கேட்கிற தாள் மதுரையில் சரியாக இருக்காது. அல்லது இங்கே முதலில் செய்யவேண்டியதை அங்கே போனபிறகு செய்யப் பார்ப்பார்கள். அதனால் எதை எதற்கு முன்னால் முடிக்கவேண்டும் என்ற வரிசைப்படியே எழுதுகிறேன். தொகைகளும் வரம்புகளும் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த நாட்டுச் சட்டம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"மாப்பிள்ளை சிட்டிசன், அதனால் பொண்ணுக்கும் தானாக வந்துவிடும்" என்று நிச்சயதார்த்த வீட்டில் யாராவது சொல்வார்கள். தானாக எதுவும் வராது. ஒவ்வொரு நாட்டுக்கும் கணக்கு வேறு.

பிரிட்டனில் முதலில் துணைவர் விசா, பிறகு நிரந்தர வசிப்பு, அதன்பின் குடியுரிமை. அங்கே போய் வாழாமல் கிடைக்காது. அமெரிக்காவில் கிரீன் கார்டு கிடைத்து 3 வருடம் குடிமகனான துணைவருடன் சேர்ந்து வாழவேண்டும். அந்த 3 வருடத்தில் 18 மாதமாவது உடலளவில் அமெரிக்க மண்ணில் இருந்திருக்கவேண்டும். சிங்கப்பூரில் முதலில் நிரந்தரவாசி ஆகவேண்டும். அதன் பிறகும் கொடுப்பதும் கொடுக்காததும் அரசின் முடிவு.

பிரான்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு. புதுச்சேரி வழிவந்த பிரெஞ்சுக் குடிமக்களைக் கட்டிய குடும்பங்கள் நம் பக்கத்திலும் உண்டு. கல்யாணம் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறி, 4 வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். பிரான்ஸில் கல்யாணத்துக்குப் பின் 3 வருடம் தொடர்ந்து வாழாதவர்களுக்கு, வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களின் பதிவேட்டில் துணைவர் பெயரும் இல்லையென்றால், அது 5 வருடம். மதுரையில் இருந்தபடியே இதைச் செய்யமுடியும். ஆனால் பிரெஞ்சு மொழித் தேர்வில் தேறவேண்டும்.

இனி நான் நடந்த பாதையான பிரிட்டனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். 2, 3, 4, 9, 10, 11 ஆகிய பகுதிகள் எந்த நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும்.

2. பெயர்: கல்யாணப் பேச்சு தொடங்கிய அன்றே இதைப் பாருங்கள்

நம் ஊர்க்காரர்களை அதிகம் அலையவைப்பது இனிஷியல்தான்.

என் அம்மா எல்லாத் தாள்களையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தார். ஒருநாள் தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். பிறப்புச் சான்றிதழில் என் பெயரே இல்லை, "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால். பெயரின் ஆங்கில எழுத்தும் ஒன்றாக இல்லை. "லட்சுமி" என்பது ஒன்றில் எல்-ஏ-கே-எஸ் என்றும், இன்னொன்றில் எல்-இ-டி-சி என்றும் இருந்தது. நமக்கு இரண்டும் ஒரே ஆள். விசா அதிகாரிக்கு இரண்டு ஆள்.

அதனால் செய்யவேண்டியது இது. எல்லாத் தாள்களையும் பரப்பி, ஒரு நோட்டில் ஒவ்வொன்றிலும் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் எப்படி எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிறகு எந்த எழுத்து வடிவம் நிலையானது என்று முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதே நல்லது. அதை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

பிறகு இந்த வரிசை: முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து ஆதார், அடுத்து பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட்டுப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினால், திரும்பப் பாஸ்போர்ட்டையும் திருத்தவேண்டிவரும்.

மதுரை மாநகராட்சி எல்லைக்குள் பிறந்தவர்களுக்கு மாநகராட்சிப் பதிவு. பெரியாஸ்பத்திரியில் பிறந்தவர்களும் இதில் சேர்த்தி. தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைக்குப் போகும் முன் இணையத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். கிராமத்தில் வீட்டிலேயே பிறந்தவர்களுக்கு வி.ஏ.ஓ. பதிவிலிருந்து தேடவேண்டும். பதிவே இல்லையென்றால், ஒரு வருடம் கடந்துவிட்டதால் ஆர்.டி.ஓ. உத்தரவு வாங்கித்தான் பதியமுடியும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் பேச்சு தொடங்கிய அன்றே என்கிறேன். பிரிட்டிஷ் துணைவர் விசாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெரிதாகத் தேவைப்படாது. அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் அது இல்லாமல் நடக்காது.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் வராது. அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர் இடத்தில் போடுவார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டவர்கள் பின்னால் படும்பாடு பெரிது. உதாரணமாக, அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று வந்து உட்கார்ந்துவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். வங்கி, வேலை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அது தொடரும்.

எழுத்து வித்தியாசம் சிறியதென்றால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் போதும். பெயரே வேறென்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடவேண்டும்.

கல்யாணமானவுடன் கணவர் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் விருப்பம். ஆனால் விசா விண்ணப்பம் நடுவில் இருக்கும்போது மட்டும் மாற்றாதீர்கள்.

3. திருமணப் பதிவு: கோவிலில் கட்டிய தாலி தாளில் ஏறவேண்டும்

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டிருக்கலாம். பத்திரிகையும் ஆல்பமும் துணைச்சான்று மட்டுமே. விசாவுக்கு அரசுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும்.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, மாநிலத்தில் நடக்கும் எந்தத் திருமணமும், எந்த மதமானாலும், 90 நாளுக்குள் பதியப்படவேண்டும். கூடுதல் கட்டணத்துடன் 150 நாள் வரை நேரம் உண்டு. ஒருவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால், சிறப்புத் திருமணச் சட்டம் 1954-இன்படி செய்வதுதான் எந்த நாட்டிலும் கேள்வி வராத வழி என்பது என் அனுபவம்.

இதில்தான் மாப்பிள்ளை வீட்டார் தவறுகிறார்கள். மூன்று வார விடுப்பில் வந்து, கல்யாணம் முடித்து, சான்றிதழோடு திரும்பலாம் என்று நினைக்கிறார்கள். நோட்டீஸ் கொடுத்து 30 நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருந்துதான் இந்தச் சட்டப்படி திருமணம் செய்யமுடியும். நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் வசித்திருக்கவேண்டும். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடித்துவிடவேண்டும், இல்லையென்றால் மறுபடி நோட்டீஸ். மூன்று சாட்சிகள் வேண்டும்.

கோவிலில் முன்பே நடந்த திருமணத்தை இதே சட்டத்தில் பின்னால் பதியவும் வழி இருக்கிறது. ஆனால் அதற்குக் கணவன் மனைவி இருவருமே 30 நாள் அந்த மாவட்டத்தில் இருந்திருக்கவேண்டும். விடுப்பில் வருகிறவருக்கு இது இன்னும் கடினம். அதனால் தேதி குறிப்பதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் போய், நோட்டீஸை எப்போது, எப்படி, யார் கையெழுத்தோடு வாங்குவார்கள் என்று நேரில் கேளுங்கள். சோதிடரிடம் போவதற்கு முந்தின நாள் இதைச் செய்தால் நல்லது.

வெளிநாட்டுக்காரர் கொண்டுவரவேண்டியவை: பாஸ்போர்ட், திருமணமாகாதவர் என்ற சான்று, முன்பு திருமணமாகி விலகியிருந்தால் நீதிமன்றத்தின் இறுதி ஆணை. முந்தைய திருமணத்தை மறைத்துச் செய்த கல்யாணம் பிறகு உங்கள் விசாவையும் சேர்த்து இழுத்துப்போகும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பெண் வீட்டார் கண்டிப்பாகக் கேட்கவேண்டிய கேள்வி இது.

சான்றிதழ் கைக்கு வந்ததும், கவுண்டரை விட்டு நகரும் முன் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். என் சான்றிதழில் கணவரின் பிறந்த ஊர் தவறாகத் தட்டச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன். திருத்த மூன்று முறை அலைந்தேன்.

அபோஸ்டில், அதாவது நம் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லும்படி அரசு வைக்கும் சான்றொப்ப முத்திரை, தேவைப்படும் நாடென்றால் அதையும் ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் என்பது வரிசை. லாமினேட் செய்த தாளில் முத்திரை வைக்கமுடியாது. சான்றிதழைப் பத்திரமாக வைக்கிறேன் என்று லாமினேட் செய்துவிடாதீர்கள்.

4. விமானம் ஏறும் முன்: அப்பாவின் நிலம்

குடியுரிமைக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். நம் ஊரில் பெரிய சம்பந்தம் உண்டு.

வெளிநாட்டில் குடியேறிய இந்தியரும் சரி, பிறகு வெளிநாட்டுக் குடிமகன் ஆன இந்திய வம்சாவளியினரும் சரி, அன்னியச் செலாவணிச் சட்டப்படி விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டம் வாங்கமுடியாது. விலைக்கு மட்டுமல்ல, தானமாகவும் வாங்கமுடியாது. வாரிசாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வீடு, கடை, வீட்டுமனைக்கு இந்தத் தடை இல்லை.

நம் அப்பாக்கள் என்ன செய்வார்கள்? பிள்ளை வெளிநாடு போய் நாலைந்து வருடம் கழித்து, "உன் பங்கை உன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதி வைக்கிறேன்" என்பார்கள். நஞ்சையோ புஞ்சையோ என்றால் அந்தப் பத்திரம் சட்டப்படி நிற்காது. அதனால், அப்பா உயிரோடு இருக்கும்போதே கொடுக்க நினைத்தால், நீங்கள் இங்கே வசிக்கும்போதே பாகப்பிரிவினையோ செட்டில்மெண்டோ முடித்துப் பட்டாவும் மாற்றிவிடுங்கள். இங்கே வசித்தபோது வாங்கிய நிலத்தைப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உயில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை அழுத்தியே சொல்கிறேன். "நீ வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கப்போகிறாய், உனக்கு இங்கே பங்கு கிடையாது, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று சொந்தத்தில் யாராவது சொன்னால் அது பொய். குடியுரிமை மாறினாலும் வாரிசுரிமை போகாது. இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் 1989 முதலே சட்டத்தில் உண்டு, 2005-இல் நாடு முழுதும் வந்தது. பயணச் சீட்டு கையில் இருக்கும் அவசரத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. துணைவர் விசா

விண்ணப்பம் பிரிட்டனுக்கு வெளியிலிருந்துதான். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் புரோக்கரை நம்பாதீர்கள், மாற்ற விடமாட்டார்கள்.

பிரிட்டனில் இருக்கும் துணைவர் வருடத்துக்கு 29,000 பவுண்டு சம்பாதிக்கவேண்டும். 2024 ஏப்ரலில் வந்த வரம்பு இது. பொதுவாக ஒரே வேலையில் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அந்தச் சம்பளம் வந்து விழுந்த வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். மதுரையில் நீங்கள் வாங்கும் சம்பளம் முதல் விசாவில் இந்தக் கணக்கில் சேராது. சேமிப்பு மட்டும் காட்டி விண்ணப்பிப்பதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையில் இருந்திருக்கவேண்டும்.

ஆங்கிலத்துக்குத் தேர்வு எழுதலாம். பட்டம் பெற்றவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகமோ வேறெதுவோ, ஆங்கிலவழியில் படித்த பட்டத்தை எக்டிஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு மதிப்பிட்டு உறுதி செய்து கொடுக்கும். அதற்குப் பட்டச் சான்றிதழும், பயிற்றுமொழி ஆங்கிலம் என்ற கல்லூரிக் கடிதமும் வேண்டும். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். முதல் விசாவுக்குப் போதுமான குறைந்த நிலைத் தேர்வை மட்டும் எழுதினால், அடுத்தடுத்த படிக்கு உயர்ந்த நிலையில் மறுபடி எழுதவேண்டும். பட்டம் நிரந்தர வசிப்பு வரை, குடியுரிமை வரை செல்லும். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் சான்றிதழையே வாங்காதவர்கள் நிறைய. முதலில் அதை வாங்குங்கள்.

காசநோய்ப் பரிசோதனை, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும். சான்று ஆறு மாதம் செல்லும் என்பதால் மற்றத் தாள்கள் தயாரானபிறகு எடுங்கள். மருத்துவக் கட்டணமாக வருடத்துக்கு 1,035 பவுண்டு முன்பணம் உண்டு. விசா 33 மாதத்துக்கு என்றாலும் 3 வருடமாகக் கணக்கிட்டு 3,105 பவுண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கடைசிப் பக்கத்தில் பார்த்துத் திகைக்கிறார்கள்.

6. போய் இறங்கிய முதல் வாரம்: உங்கள் பெயரில் தபால் வரவேண்டும்

33 மாதம் முடியும் முன் இன்னொரு 30 மாத நீட்டிப்பு. அப்போது இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்குக் கடிதங்கள் கேட்பார்கள். இரண்டு வருட காலத்தில் பரவலான ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து.

என் சித்தி மகளுக்கு இரண்டரை வருடத்தில் அவள் பெயருக்கு வந்தது இரண்டே கடிதம். கரண்ட் பில், உள்ளாட்சி வரி, வாடகை எல்லாம் கணவர் பெயரில். அவரிடம் கேட்கத் தயங்கி விட்டுவிட்டாள். தயங்காதீர்கள். இறங்கிய முதல் வாரமே உள்ளாட்சி வரியில் பெயர் சேருங்கள், குடும்ப மருத்துவரிடம் பதியுங்கள், வங்கிக் கணக்கு தொடங்குங்கள். வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உறையோடு ஒரு கோப்பில் போடுங்கள்.

கூடவே இன்னொரு விஷயம். உங்கள் பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கட்டும். நகலும் ஸ்கேனும் அம்மா வீட்டில் இருக்கட்டும். துணைவரின் கொடுமையால் உறவு முறிந்தால், அவர் தயவில்லாமலே நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கப் பிரிட்டிஷ் விதிகளில் தனி வழி இருக்கிறது. "நான் கையெழுத்துப் போடாவிட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று மிரட்டப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் இன்று அங்கேதான் இருக்கிறாள், சொந்த உரிமையில்.

7. நிரந்தர வசிப்பு

ஐந்து வருடம் நிறைவதற்கு 28 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். அதற்கும் முன்னால் போட்டால் கட்டணம் போய்விடும், விண்ணப்பமும் தள்ளுபடி ஆகலாம்.

பிரிட்டனின் வாழ்க்கை பற்றிய தேர்வு ஒன்று உண்டு. 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருக்கவேண்டும். அதிகாரபூர்வக் கையேட்டை ஒரு மாதம் தினம் ஒரு மணிநேரம் படித்தால் போதும். இதே தேர்ச்சி குடியுரிமைக்கும் செல்லும். தேர்வுக்குப் பதியும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கவேண்டும்.

8. குடியுரிமை விண்ணப்பம்: நாள் கணக்கு

மற்ற வழிகளில் வருபவர்கள் நிரந்தர வசிப்புக்குப் பின் ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். பிரிட்டிஷ் குடிமகனை மணந்தவர்கள் காத்திருக்கத் தேவையில்லை, கையில் வந்த மறுநாளே விண்ணப்பிக்கலாம். பார்க்கப்படுவது கடைசி 3 வருடம்.

அந்த 3 வருடத்தில் நாட்டுக்கு வெளியே 270 நாளுக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் வெளியே இருந்த நாளாகக் கணக்கில் வராது. இதெல்லாம் பலருக்குத் தெரியும்.

பலர் தவறவிடுவது மூன்றாவது நிபந்தனை. அந்த 3 வருடத்தின் முதல் நாள் நீங்கள் பிரிட்டன் மண்ணில் இருந்திருக்கவேண்டும். உதாரணமாக, 2025 ஜூன் 10 அன்று விண்ணப்பம் போய்ச் சேர்கிறது என்றால், 2022 ஜூன் 11 அன்று நீங்கள் அங்கே இருந்திருக்கவேண்டும். அன்று நீங்கள் ஊருக்கு வந்து தங்கியிருந்த விடுமுறையின் நடுவில் இருந்தீர்கள் என்றால், மொத்தம் 40 நாள்தான் வெளியே இருந்தேன் என்றாலும் விண்ணப்பம் சிக்கலாகிவிடும். அந்த 3 வருடத்தின் முதல் நாள், ஊரிலிருந்து திரும்பிய நாளுக்குப் பின்னால் விழும்படி விண்ணப்பத் தேதியைத் தள்ளினாலே போதும். ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்தால் சரியாகிற விஷயம்.

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பயணம் போன நாளும் வந்த நாளும் அதன் பின்புறம் எழுதி வைப்பேன். யாருடைய நினைவையும் நம்பமுடியாது. ஐந்து வருடத்தில் எத்தனை தடவை ஊருக்குப் போனோம் என்பது கல்யாணம், காதுகுத்து, இழவு எல்லாம் சேர்ந்து குழம்பிவிடும். பாஸ்போர்ட்டின் எல்லா முத்திரைப் பக்கங்களையும் ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

சான்றளிக்க இருவர் தேவை, இருவரும் உங்களை 3 வருடமாவது தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். ஒருவர் தொழில்முறைத் தகுதி உள்ளவர், எந்த நாட்டவராகவும் இருக்கலாம். இன்னொருவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர். சொந்தக்காரர் கூடாது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர், பிள்ளையின் பள்ளி ஆசிரியர் என்று முன்பே பழகி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் ஆள் கிடைப்பதில்லை.

வேக வரம்பை மீறிய அபராதமோ, கட்டாத வரியோ எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். செய்த தவறைவிட மறைத்ததற்குத்தான் மறுப்பு அதிகம்.

9. உறுதிமொழி நாள்

ஒப்புதல் கடிதம் வந்ததும் கொண்டாடத் தோன்றும். அதற்கு முன் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

உள்ளாட்சி மண்டபத்தில் நடக்கும் விழாவில் உறுதிமொழி எடுக்கும்போதுதான் நீங்கள் பிரிட்டிஷ் குடிமகள் ஆகிறீர்கள். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-இன் 9-ஆவது பிரிவுப்படி, அதே நொடியில் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அன்று மாலையிலிருந்து உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோ இனிமேல்தான் விண்ணப்பிக்கவேண்டும்.

அதாவது சில வாரங்கள் உங்களிடம் எந்தப் பாஸ்போர்ட்டும் இருக்காது. அந்த நேரத்தில் ஊரில் அப்பாவுக்கு ஏதாவது என்றால் போகமுடியாது. எனக்கு அப்படித்தான் ஆனது. விழா முடிந்து பத்தாம் நாள் பாட்டி இறந்தார். கைபேசியில்தான் முகம் பார்த்தேன். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

அழைப்புக் கடிதம் வந்ததிலிருந்து விழாவுக்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் நோயாக இருந்தால், முதலில் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதும், ஒப்புதல் வந்தபின் விழாவுக்கு முன்பும் பயணத்துக்குத் தடையில்லை. தங்கைக்குக் கல்யாணம் என்றால் விழாவை அதற்குப் பின் வையுங்கள்.

விழாவுக்குப் பின் வரிசை இது: பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ், பிறகு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது). அவசரப் பயணத்துக்கு இந்திய விசா எடுப்பதானாலும் ஒப்படைப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

10. ஓ.சி.ஐ.

வாழ்நாள் விசா என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுரிமை இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்கமுடியாது. மற்றபடி வந்து போகலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஒப்படைப்புச் சான்றிதழ், பழைய இந்தியப் பாஸ்போர்ட் நகல், புதுப் பாஸ்போர்ட் முக்கியம். பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், புதியதில் ஒரு பெயர் என்றால் இங்கேயும் நிற்கும். இரண்டாம் பகுதியில் சொன்ன வேலையின் பலன் இப்போது தெரியும்.

கணவருக்கோ மனைவிக்கோ துணைவர் என்ற முறையில் ஓ.சி.ஐ. வாங்கலாம். திருமணம் பதியப்பட்டு, இரண்டு வருடம் தொடர்ந்திருக்கவேண்டும். பதியாத திருமணம் இங்கேயும் கைவிடும். மணவிலக்கானால் அந்த அட்டை செல்லாது. பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினருக்கு இது கிடைக்காது.

துணைவர் என்ற முறையில் ஓ.சி.ஐ. வாங்கியவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதன் நகலை ஓ.சி.ஐ. இணையதளத்தில் ஏற்றவேண்டும். வம்சாவளி முறையில் வாங்கிய பெரியவர்கள் 50 வயதுக்குப் பின் ஒருமுறை ஏற்றினால் போதும்.

11. மதுரையில் மிச்சமிருக்கும் வேலைகள்

வெளிநாட்டில் குடியேறியவுடனேயே உள்ளூர் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியிருக்கவேண்டும். இன்னும் செய்யவில்லையென்றால் இப்போது செய்யுங்கள். வாடகை, நிலக் குத்தகை எல்லாம் அதில்தான் விழவேண்டும். பான் அட்டை தொடரும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் 7-ஆம் படிவம் கொடுத்து நீக்குங்கள், ரேஷன் கார்டிலும் நீக்கச் சொல்லுங்கள். குடியுரிமை போனபின் பட்டியலில் பெயர் இருப்பதும், ஊருக்கு வந்த நேரத்தில் போய் ஓட்டுப் போடுவதும் சட்டப்படி தவறு.

சொத்து வேலைகளுக்கு அண்ணனுக்கோ அம்மாவுக்கோ பவர் கொடுப்பதென்றால், லண்டன் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துச் சான்றோடு எழுதி அனுப்புங்கள். அது இந்தியாவில் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். வந்த தபால் உறையைத் தூக்கிப்போடாமல் வைக்கச் சொல்லுங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. பொதுப் பவர் கொடுக்காதீர்கள். எந்த சர்வே எண், என்ன வேலை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுதி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள்.

வாரிசாக வந்த விவசாய நிலத்தை விற்பதானால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்கமுடியும். உங்களைப்போலவே லண்டனில் இருக்கும் ஊர்க்காரர் நல்ல விலை சொன்னாலும் அவர் பெயருக்கு எழுதமுடியாது. முன்பணம் வாங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.